தலைக்கு விலை, தோலுக்கு விலை

மாணிக்கவாசகருக்காகச் சொக்கநாதப் பெருமான் நரியைப் பரியாக்கினார் என்று திருவிளையாடல் சொல்லும். நரியைக் குதிரையாக்கியது இறைவன் திருவிளையாடல் என்றால், நரியைக் காசாக்கியது மனிதன் திருவிளையாடல். நரி மட்டுமா? புலி, சிறுத்தை, ஓநாய், பாம்பு, எலி என்று எத்தனையோ உயிர்களின் தலைக்கும் வாலுக்கும் தோலுக்கும் மனிதன் விலை வைத்திருக்கிறான். அந்த விலையை யார் வைத்தார்கள், யார் வாங்கிக்கொண்டார்கள், கடைசியில் யார் வெறுங்கையோடு நின்றார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

சந்திப்பு மலரில் விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும், வகுப்பைக் கட் அடித்துவிட்டுப் படத்துக்குப் போனதைப் பற்றியும் எழுத நண்பர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வரலாற்று மாணவனுக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி என்றால் சிப்காட், இரும்பு உருக்காலை, புகைபோக்கி என்றுதான் இன்றைய மாணவர்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் இங்கே என்ன பிழைப்பு நடந்தது என்று கேட்டால், "ஏரிப்பாசனம் சார், நெல்லு, வேர்க்கடலை" என்பார்கள். சரிதான். ஆனால் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், முள்காட்டு ஓரத்தில், இன்னொரு பிழைப்பும் நடந்தது. அதற்குப் பட்டா இல்லை, பயிர்க்கணக்கு இல்லை. அதனால் அது யார் கண்ணிலும் படவில்லை.

எந்த நரி?

நாம் பொதுவாக நரி என்று சொல்வதில் இரண்டு பிராணிகள் அடக்கம். கூட்டமாக ஊளையிடுவது குள்ளநரி. உடம்பு சிறுத்து, வால் நுனி கறுத்து, வெட்டவெளியில் வளை தோண்டி வாழ்வது குழிநரி. சேலம் பக்கத்தில் இதை வங்காநரி என்பார்கள். இரண்டும் எலியையும் பூச்சியையும் தின்று, இலந்தைப் பழத்தையும் விட்டுவைக்காத ஜீவன்கள். கோழி திருடும் என்ற கெட்ட பெயரும் உண்டு. எலியைத் தின்பதற்கு யாரும் நற்சாட்சிப் பத்திரம் கொடுத்ததில்லை.

நரியின் பெயரையே தங்கள் பெயரில் தாங்கியவர்கள் நரிக்குறவர்கள். நரியைப் போலவே ஊளையிட்டு, நரியை வலைக்கு வரவழைக்கும் வித்தை அவர்களுடையது. இறைச்சி சாப்பாட்டுக்கு, தோல் பைக்கு, பல் தாயத்துக்கு. எல்லாவற்றுக்கும் மேல் "நரிக்கொம்பு". நரிக்கு ஏது கொம்பு? ஆனாலும் வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம், வழக்கு ஜெயிக்கும் என்று நம்பிக் காசு கொடுத்தவர்கள் படித்தவர்களிலும் உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளிலேயே குருவிக்காரர்களையும் நரிக்கொம்பு வியாபாரத்தையும் பற்றிய செய்தி வந்துவிட்டது. விற்றவனை ஏமாற்றுக்காரன் என்றோம். மூடநம்பிக்கையோடு வாங்கியவனை ஒன்றும் சொல்லவில்லை.

சர்க்கார் கொடுத்த இனாம்

தலைக்கு விலை வைப்பது வெள்ளைக்காரன் நம் நாட்டில் வந்து கண்டுபிடித்த வித்தை அல்ல. அவன் ஊரிலேயே அதற்கு முன் பழக்கப்பட்டிருந்தான். முதலாம் எலிசபெத் ராணி காலத்தில், 1566-ல், தானியத்தைக் காப்பதற்கென்று இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. ஒரு நரித்தலையைக் கொண்டுவந்து காட்டினால் மாதாகோயில் நிர்வாகிகள் ஊர்ப் பணத்திலிருந்து பன்னிரண்டு பென்ஸ் கொடுக்க வேண்டும். ஒரு கூலியாளின் அன்றாடக் கூலியைவிட அது அதிகம். காக்கைக்கும் எலிக்கும்கூட அந்தச் சட்டத்தில் விலை இருந்தது.

அதே பழக்கத்தைத்தான் இந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள். காட்டைத் திருத்தி வரி வாங்க வேண்டும் என்றால், காட்டில் இருப்பவை போக வேண்டும் அல்லவா? புலி, சிறுத்தை, ஓநாய், பாம்பு ஆகியவற்றைக் கொன்றால் இனாம் என்று ஜில்லா ஜில்லாவாக அறிவித்தார்கள். ஆண்டுதோறும் எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை மிருகம் கொல்லப்பட்டது, எவ்வளவு பட்டுவாடா ஆனது என்று அறிக்கையும் போட்டார்கள். 1875-லிருந்து 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் 80,000-க்கு மேல் புலிகளும், 1,50,000-க்கு மேல் சிறுத்தைகளும், 2,00,000 ஓநாய்களும் கொல்லப்பட்டன என்று வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டிருக்கிறார்.

வில்லியம் ஹன்டர் தொகுத்துத் தந்த 1877-ஆம் ஆண்டுக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அந்த ஆண்டு புலியால் இறந்தவர்கள் 819 பேர். பாம்பு கடித்து இறந்தவர்கள் 16,777 பேர். கொல்லப்பட்ட புலிகள் 1,579. அதற்குக் கொடுத்த இனாம் 3,777 பவுன். கொல்லப்பட்ட பாம்புகள் 1,27,295. அதற்கு இனாம் 811 பவுன். பவுனுக்குப் பத்து ரூபாய் என்று அன்றைய வழக்கப்படி வைத்துக்கொண்டால், ஒரு புலிக்குச் சுமார் 24 ரூபாய், ஒரு பாம்புக்கு ஓர் அணா!

புலியைப்போல் இருபது மடங்கு மனிதர்களைக் கொன்றது பாம்பு. ஆனால் அதற்கு விலை ஓர் அணா. ஏன்? பாம்பு யாரைக் கடிக்கிறது? வெறுங்காலோடு வரப்பில் நடப்பவனை, தரையில் படுத்துத் தூங்குபவனை. விலை வைத்தவன் கட்டிலில் கொசுவலைக்குள் படுத்தவன். தலைக்கு வைத்த விலையில் ஆபத்தின் அளவு தெரியவில்லை, விலை வைத்தவனின் அச்சமும் ஆசையும்தான் தெரிகின்றன.

இன்னொரு சங்கடமும் இருந்தது. செத்த பாம்பைக் கொண்டுவந்து போட்டால், அது விஷப்பாம்பா, வெறும் தண்ணீர்ப்பாம்பா என்று கச்சேரி குமாஸ்தாவுக்கு எப்படித் தெரியும்? ஜோசப் ஃபேரர் என்ற ராணுவ மருத்துவர், கல்கத்தா அரசு ஓவியப்பள்ளிக் கலைஞர்களைக் கொண்டு வண்ணப்படங்கள் எழுதி, இந்திய விஷப்பாம்புகளைப் பற்றி 1872-ல் ஒரு பெரிய நூல் போட்டார். அந்த நூல் எத்தனை தாலுகா கச்சேரிக்குப் போயிருக்கும்? ஆனால் அந்தப் படம் எதுவும் இல்லாமலே, மண்ணில் கிடக்கும் தடத்தைப் பார்த்து, "இது விரியன், இது சாரை, போய் ஒரு நாழிகை ஆச்சு" என்று சொல்லக்கூடிய மனிதர்கள் நம்ம பக்கத்தில் இருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

வாலை மட்டும் வெட்டிய கதை

டில்லியில் நல்லபாம்புக்கு இனாம் வைத்ததும் ஜனங்கள் பாம்பு வளர்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. 2001-ல் ஹோர்ஸ்ட் சீபர்ட் என்ற ஜெர்மன் பொருளாதார அறிஞர் தம் நூலுக்கே அந்தப் பெயரை வைத்ததால் உலகம் முழுக்கப் பரவியது. நல்ல கதைதான். ஆனால் ஆவணச் சான்று இல்லாத கதை. தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

சான்றுள்ள கதை வியட்நாமில் இருக்கிறது. 1902-ல் ஹனோய் நகரில் பிளேக் பயத்தால் பிரெஞ்சு அரசு எலிக்கு இனாம் வைத்தது. செத்த எலியைக் கொண்டுவர வேண்டாம், வாலைக் கொண்டுவந்தால் போதும் என்றார்கள். கொஞ்ச நாளில் ஊருக்குள் வாலில்லாத எலிகள் ஓட ஆரம்பித்தன. வாலை மட்டும் வெட்டிவிட்டு, குட்டி போடட்டும் என்று எலியை விட்டுவிட்டார்கள். ஊருக்கு வெளியே எலிப்பண்ணையே வைத்திருந்ததும் தெரியவந்தது. இனாம் நின்றது.

தாஸ்மேனியாத் தீவில் அப்படி ஏமாற்ற வழியில்லை. ஆட்டைத் தின்கிறது என்று சொல்லி, அங்கே முதுகில் வரிபோட்ட தாஸ்மேனியப் புலிக்கு 1888-லிருந்து 1909 வரை தலைக்கு ஒரு பவுன் கொடுத்தது அரசு. 2,184 முறை பணம் பட்டுவாடா ஆனது. கடைசி விலங்கு 1936-ல் ஹோபார்ட் மிருகக்காட்சிசாலைக் கூண்டில் செத்தது. இனமே முடிந்தது.

இனாம் தோற்றாலும் கேடு, ஜெயித்தால் அதைவிடக் கேடு!

சென்னைக்குப் போன சாரை

இனி நம் ஊருக்கு வருவோம். 1997-ல் திருவள்ளூர் தனி மாவட்டம் ஆவதற்கு முன் நாமெல்லாம் பழைய செங்கல்பட்டு ஜில்லாக்காரர்கள்தான். அந்த ஜில்லா முழுக்க ஏரிக்கரை, புதர்க்காடு, தோப்பு ஓரங்களில் பரவி வாழ்ந்தவர்கள் இருளர்கள். காட்டில் தேனும் கிழங்கும் மூலிகையும் எடுப்பது, வயலில் எலி பிடிப்பது, பாம்பு பிடிப்பது அவர்கள் தொழில். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் வந்தபின் காட்டுக்குள் போவதே குற்றம் என்றாயிற்று. மிச்சம் இருந்தது எலி வளையும் பாம்பும்.

எலி வளை என்றால் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு கடப்பாரையோடு போய் ஒரு வளையைத் தோண்டினால், எலிக்கறி கிடைக்கும். எலி சேர்த்து வைத்த நெல் கிடைக்கும். எலியைத் தேடி உள்ளே போன சாரையோ நல்லபாம்போ கிடைத்தால் அது காசு. நிலம் இல்லாத குடும்பத்துக்கு அதுதான் நிலம்.

காசு எங்கிருந்து வந்தது? சென்னையிலிருந்து. சென்னைத் தோல் வியாபாரம் பழையது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தென்னிந்தியத் தோலுக்கு லண்டன் சந்தையில் தனிப் பெயர் இருந்தது. நூறாண்டுக்கு முன் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடும் முறையைப் பரிசோதித்தார். குரோம் தோல் தொழிற்சாலையால்தான் ஓர் ஊருக்கே குரோம்பேட்டை என்று பெயர் வந்தது. பெரியமேட்டுத் தோல் மண்டிகளை அறியாதவர் இல்லை. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் போன அதே கப்பல்களில் பாம்புத்தோலும் போனது. ஐரோப்பாவில் கைப்பை, செருப்பு, இடுப்புவார் செய்வதற்கு மலைப்பாம்பு, சாரை, நல்லபாம்பு, கண்ணாடி விரியன் தோல்களுக்கு நல்ல கிராக்கி.

இங்கே பிடித்தவருக்குக் கிடைத்தது சில்லறை. தோல் கை மாறி, பதனிடப்பட்டு, கப்பலேறிக் கடைசியில் பாரிஸ் கடைக்கண்ணாடிக்குள் போகும்போது விலை எங்கேயோ போய்விடும். இடைத்தரகரிடம் முன்பணம் வாங்கியவர் பாம்பு பிடித்துக் கடன் கழிப்பார்; கடன் கழிவதற்குள் அடுத்த முன்பணம். வியாபாரத்தில் மிகவும் அடிபட்டது சாரை. விஷமே இல்லாத, எலியைத் தின்று விவசாயியைக் காப்பாற்றுகிற சாரை! பாம்புத்தோலை ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி வாங்கினோம். அந்தப் பாம்பு தின்றிருக்க வேண்டிய எலிகளுக்கு நம் நெல்லைக் கொடுத்தோம். யாருக்கு லாபம் என்று வணிகவியல் துறை நண்பர்கள் கணக்குப் போடட்டும்.

சட்டம் வந்தது, சோறு?

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. நல்ல சட்டங்கள். வராமல் இருந்திருந்தால் இன்று சாரையைப் படத்தில்தான் பார்த்திருப்போம். ஆனால் சட்டம் எழுதியவர்கள் ஒன்றை எழுத மறந்தார்கள். நூறு வருடமாக, "பிடித்துக் கொண்டா, காசு தருகிறேன்" என்று சொல்லிப் பழக்கிவிட்டு, ஒரே நாளில் "பிடித்தால் ஜெயில்" என்றார்கள். மண்டிக்காரருக்கு ஆட்டுத்தோல் இருந்தது, மாட்டுத்தோல் இருந்தது. இருளருக்கு என்ன இருந்தது?

அதே 1976-ல்தான் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வந்தது. ஆனால் பின்வந்த ஆண்டுகளில், நம் மாவட்டத்து அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் மரம் வெட்டும் களங்களிலும் இருந்து கொத்தடிமைகளாக மீட்கப்பட்டவர்களில் இருளர் குடும்பங்கள் ஏராளம். தோல் தரகரிடம் வாங்கிய முன்பணம் போய், சூளைக்காரரிடம் வாங்கிய முன்பணம் வந்தது. பாம்பைக் காப்பாற்றினோம், பாம்பு பிடித்தவரைச் சூளையில் விட்டோம்.

விஷத்துக்கு வந்த மரியாதை

இந்த இருட்டுக்குள் ஒரு வெளிச்சமும் உண்டு. அமெரிக்காவில் பிறந்து நம் நாட்டுக் குடிமகனான ராமுலஸ் விட்டேகர், பாம்பைப் பற்றித் தாம் கற்றதில் பெரும்பகுதி இருளர்களிடம் கற்றது என்று வெளிப்படையாகச் சொன்னவர். சென்னைப் பாம்புப் பண்ணையை உருவாக்கியவரும் அவரே. அவரும் இருளர்களும் சேர்ந்து யோசித்த யோசனை எளிமையானது. செத்த பாம்பின் தோலுக்குக் காசு கிடையாது என்றால், உயிருள்ள பாம்பின் விஷத்துக்குக் காசு வாங்கலாமே!

1978-ல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. 1982-லிருந்து விஷம் எடுக்கும் வேலை நடக்கிறது. வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்குள் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கை மட்டும் பிடிக்கிறார்கள். மண்பானையில் வைத்துத் துணியால் வாயைக் கட்டி, மூன்று நான்கு வாரம் பராமரித்து, வாரத்துக்கு ஒரு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டு, மறுபடியும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பை உடனே திருப்பிப் பிடித்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்த அடையாளம்.

அந்த விஷம் உலர்த்தப்பட்டு மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. அங்கே சிறிது சிறிதாகக் குதிரையின் உடம்பில் ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்தைப் பிரிக்கிறார்கள். நரியைப் பரியாக்கியது புராணம். அரவின் விஷத்தைப் பரியின் ரத்தத்தில் மருந்தாக்கியது விஞ்ஞானம். நாட்டில் விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தில் பெரும்பகுதி இந்தச் சங்கத்திலிருந்துதான் போகிறது.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆண்டுக்குச் சராசரி 58,000. ஓர் அணா இனாம் கொடுத்து லட்சக்கணக்கில் பாம்பைக் கொன்ற சர்க்காரால் காப்பாற்ற முடியாத உயிர்களை, பாம்பைக் கொல்லாமல் பிடித்தவர்களின் கைகள் காப்பாற்றுகின்றன.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துச் சதுப்புக்காட்டில் பர்மா மலைப்பாம்பு பெருகிவிட்டது. 2017-ல் அங்கே பிடிப்பவர்களுக்கு மணிக்கூலியோடு பாம்பின் நீளத்துக்கு ஏற்ப இனாமும் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு அங்குள்ள பல்கலைக்கழகம் வரவழைத்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? நம் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும். கையில் ஒரு கம்பி, கண்ணில் பழைய வித்தை. போன இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள். 2023-ல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

எலி விஷயத்திலும் இப்படி ஒன்று நடந்தது. வளைக்குள் புகை போட இருளர்கள் மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி வாயால் ஊதுவார்கள். புகை நெஞ்சுக்குள் போகும், உதடு வேகும். சென்னைத் தொண்டு நிறுவனம் ஒன்று, கையால் சுற்றினால் புகை போகும் இரும்புப் பொறி ஒன்றைச் செய்து கொடுத்தது. 2003-ல் உலக வங்கியின் போட்டியில் அதற்குப் பரிசு கிடைத்தது. கண்டுபிடிப்பு சின்னதுதான். ஆனால் "உன் தொழிலை விடு" என்று சொல்லாமல், "உன் தொழிலில் உனக்கு எங்கே வலிக்கிறது?" என்று கேட்டதால் வந்த கண்டுபிடிப்பு அது.

நம்ம ஊர் நிலவரம்

ஆனால் நண்பர்களே, கூட்டுறவுச் சங்கத்தில் இருப்பவை சில நூறு குடும்பங்கள். தமிழ்நாட்டில் இருளர்கள் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் பேர். அவர்களில் நம் மாவட்டத்தில் வாழும் பலருக்கு வடநெம்மேலியும் தூரம், புளோரிடாவும் தூரம்.

எலி வளையும் நரி வளையும் இருந்த மேய்க்கால், முள்காடு எல்லாம் தொழிற்பேட்டையாகவும் மனைப்பிரிவாகவும் மாறிவிட்டன. தொழில் வேண்டாம் என்று யார் சொல்வார்? சிப்காட் வந்ததால் வேலை பெற்றவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களிலேயே பாதிப்பேர் இருக்கலாம். ஆனால் தேர்வாய்கண்டிகையில் மேய்க்கால் நிலம் தொழிற்பேட்டைக்கு எடுக்கப்பட்டபோது ஊர்மக்கள் ஏன் போராடினார்கள் என்பதையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். பட்டா இல்லாத நிலம் என்றால் யாருக்கும் பயன்படாத நிலம் என்று பொருள் இல்லை. சர்க்கார் கணக்கில் "தரிசு" என்று எழுதியிருந்த இடத்தில்தான் ஒரு குடும்பத்தின் அரிசி இருந்தது.

நரிக்குறவர்களும் குருவிக்காரர்களும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டது 2023 ஜனவரியில்தான். நரியைப் பிடித்தால் இன்று வழக்கு. சரி. ஆனால் ஊசிமணி, பாசிமணி விற்றுப் பிழைக்கும் அந்தத் தாயின் பிள்ளை பள்ளிக்கூடம் போனால், பக்கத்தில் உட்கார நம்ம பிள்ளை தயாராக இருக்கிறதா?

இந்த வரலாறு எனக்குச் சொல்லும் பாடம் ஒன்றுதான். உயிரின் தலைக்கும் தோலுக்கும் விலை வைத்த ஒவ்வொரு முறையும் விலங்கும் அழிந்தது, பிடித்தவரும் பிழைக்கவில்லை. பிடிப்பவரின் அறிவுக்கு விலை வைத்த ஒரே முறைதான் இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

நாம் செய்யக்கூடியது என்ன? நம் பழைய மாணவர்களில் வருவாய்த்துறையில் இருப்பவர்கள் உண்டு, தலைமை ஆசிரியர்கள் உண்டு, தொழிற்சாலைகளில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களும் உண்டு. ஓர் இருளர் பிள்ளை பத்தாவது முடித்து மேலே படிக்க வேண்டுமென்றால் முதலில் தேவைப்படுவது சாதிச் சான்றிதழ். பழங்குடிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் அலுவலகம் வரை போக வேண்டும். அப்பாவுக்கே சான்றிதழ் இல்லாத வீட்டில், பிள்ளை எதைக் காட்டும்? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எத்தனை முறை அலையும்? மனு எழுதிக் கொடுக்க, கூடப் போய் நிற்க, சங்கத்தின் சார்பில் ஊருக்கு இரண்டு பேர் இருந்தால் போதும். அடுத்த சந்திப்புக்குள் பத்துப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வாங்கித் தந்தோம் என்று செயலாளர் ஆண்டறிக்கையில் படித்தால், அதுவே இந்த மலருக்குப் பெருமை.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். திட்டக்கட்டுரைக்குத் தலைப்புத் தேடி நீங்கள் எங்கெங்கோ அலைகிறீர்கள். ஏரிக்கரைக் குடியிருப்பில் இருக்கும் ஒரு பெரியவரிடம் போய் உட்காருங்கள். எந்தப் புதரில் எந்தப் பாம்பு, எந்தத் தடம் எதனுடையது, எந்த வேர் எதற்கு மருந்து என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது, யார் சொன்னது என்று அவர் பெயரையும் முதல் பக்கத்தில் போடுங்கள்.